பின்வாசல் வழியே வந்த மசில் கார்கள்

அமெரிக்க மசில் கார் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படத்தில் டொமினிக் டொரேட்டோ ஓட்டும் கறுப்பு 1970 டாட்ஜ் சார்ஜர். பானெட்டைத் துளைத்துக்கொண்டு எஞ்சின் வெளியே நிற்க, முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்ப, உறுமிக்கொண்டு பாயும். எனக்கும் ஆர்வம் அங்கேதான் தொடங்கியது. ஆனால் வேகத்தைப் பற்றிப் படிக்கப் போன என்னை அதைவிட அதிகமாக இழுத்துப் பிடித்தது, அந்த ராட்சச எஞ்சின்கள் அந்தக் கார்களுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்ற கதை. இன்று ஏலத்தில் பெரும் விலைக்குப் போகும் கார்களில் பல, கம்பெனி மேலிடத்தின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பிறந்தவை. விதிகளை வரிவரியாகப் படித்து, எந்த வரியில் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்த எஞ்சினியர்களும் விற்பனைக்காரர்களும்தான் இவற்றைப் பெற்றவர்கள். கார்களுக்குக் கிடைத்த புகழில் கால்பங்காவது அவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

முதலில் ஒரு சின்ன விளக்கம். 1960களில் டெட்ராய்ட் கம்பெனிகள் பெரிது, நடுத்தரம், சிறிது என்று பல அளவுகளில் கார் செய்தன. பெரிய காருக்கான வி8 எஞ்சினை எடுத்து, எடை குறைந்த நடுத்தரக் காருக்குள் திணித்து, வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடமே ஆன இளைஞன் தவணையில் வாங்கக்கூடிய விலையில் விற்றால் அதுதான் மசில் கார். எஞ்சின் அளவை அங்கே கன அங்குலத்தில் சொல்வார்கள். 61 கன அங்குலம் ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆக 389 என்றால் 6.4 லிட்டர், 427 என்றால் 7 லிட்டர். இன்றைய சின்னக் குடும்பக் கார் ஒன்றில் இருப்பது 1.2 லிட்டர் எஞ்சின் என்பதை வைத்துப் பார்த்தால் இந்தக் கார்களின் அளவு பிடிபடும்.

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) தலைமை ஓர் உத்தரவு போட்டது. இனி எந்தப் பிரிவும் கார் பந்தயத்தில் தலையிடக் கூடாது. அப்போது அமெரிக்கக் கார் சந்தையில் பாதிக்கு மேல் ஜிஎம் கையில் இருந்தது. ஏகபோகம் என்று சொல்லி அரசாங்கம் கம்பெனியை உடைத்துவிடுமோ என்ற பயம் மேலிடத்துக்கு. பந்தயத்தில் ஜெயித்து இன்னும் கொஞ்சம் சந்தையைப் பிடித்தால் ஆபத்து என்று நினைத்தார்கள். இந்த உத்தரவால் அதிகம் அடிபட்டது பான்டியாக் பிரிவு. பந்தய வெற்றிகளைக் காட்டித்தான் அவர்கள் கார் விற்றுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று காட்டுவதற்கு எதுவும் இல்லாமல் போனது.

பான்டியாக்கின் தலைமை எஞ்சினியர் அப்போது ஜான் டிலோரியன். பிற்காலத்தில் ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில் காலத்தைத் தாண்டி ஓடிய அந்த ஸ்டீல் நிறக் காருக்குத் தன் பெயரை வைத்தவர் இவர்தான். அவருடைய குழுவில் பில் காலின்ஸ், ரஸ் கீ என்று இரண்டு பேர். ஜிஎம்மின் மில்ஃபோர்ட் சோதனைத் தளத்தில் புதிய டெம்பஸ்ட் கார் லிஃப்டில் ஏறி நின்றபோது, அடியில் நின்று பார்த்த காலின்ஸ் ஒரு விஷயம் சொன்னார். டெம்பஸ்டில் இருக்கும் 326 எஞ்சினும் பெரிய பான்டியாக்கில் இருக்கும் 389 எஞ்சினும் வெளித்தோற்றத்தில் ஒரே அளவு. அதே தாங்கிகள், அதே இடம். எடுத்துவிட்டு மாட்டினால் வேலை முடிந்தது.

ஆனால் ஜிஎம்மில் இன்னொரு விதியும் இருந்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது. புதிய மாடல் ஒன்றை அறிமுகம் செய்ய வேண்டுமானால் தலைமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இங்கேதான் அந்த ஓட்டை. புதிய மாடலுக்குத்தான் ஒப்புதல் வேண்டும். ஏற்கெனவே உள்ள மாடலுக்கு வாடிக்கையாளர் கூடுதல் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஆப்ஷன்களைத் தலைமைக் குழு பார்ப்பதில்லை. ரேடியோ, வெள்ளைப் பட்டை டயர் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் வரும். அதே பட்டியலில் 6.4 லிட்டர் எஞ்சினையும் ஒரு வரியாகச் சேர்த்தார்கள். லெ மான்ஸ் என்ற டெம்பஸ்டின் உயர்ரகத்துக்கு 300 டாலருக்குச் சற்றுக் குறைவான ஒரு கூடுதல் தொகுப்பு. பெயர் ஜிடிஓ. அந்தப் பெயரையும் ஃபெராரியிடமிருந்து டிலோரியன் கூசாமல் எடுத்துக்கொண்டார்.

பான்டியாக்கின் தலைவர் பீட் எஸ்டெஸ் தைரியமாகத் தலையாட்டினார். இந்த மனிதரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபடியும் வருவார். விற்பனைத் தலைவர் ஃபிராங்க் பிரிட்ஜுக்கு இதில் நம்பிக்கை இல்லை. 5,000 கார்களுக்கு மேல் வேண்டாம் என்றார். ஜிஎம் மேலிடம் விழித்துப் பார்த்தபோது டீலர்களிடமிருந்து ஆர்டர்கள் வந்து குவிந்திருந்தன. ரத்து செய்தால் டீலர்கள் கொதிப்பார்கள். 1964 மாடலில் மட்டும் 32,450 ஜிடிஓக்கள் விற்றன. 1966இல் அது தனி மாடலாகிவிட்டது. அந்த வருட விற்பனை 96,946. எந்த விதியைத் தாண்டி வந்ததோ அந்த விதியையே அது மாற்றியது. 330 என்ற வரம்பு 400 ஆக உயர்ந்தது.

ஜிடிஓவைச் சுற்றி இன்னொரு கதை உண்டு. இதை நான் முழு மனதோடு ரசிக்க முடியாது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பான்டியாக்கின் விளம்பர ஏஜென்சியில் ஜிம் வாங்கர்ஸ் என்று ஒருவர் இருந்தார். கார் பைத்தியம், பந்தயமும் ஓட்டியவர். 1964 மார்ச் மாத ‘கார் அண்ட் டிரைவர்’ இதழின் அட்டையில் பான்டியாக் ஜிடிஓவும் ஃபெராரி ஜிடிஓவும் பக்கத்தில் பக்கத்தில் சீறிக்கொண்டு வந்தன. அது வரைந்த படம். நிஜத்தில் இரண்டும் ஒன்றாக ஓடவே இல்லை, ஃபெராரி சோதனைக்கு வந்து சேரவில்லை. பான்டியாக் மட்டும் ஓடியது. 60 மைல் வேகத்தை 4.6 நொடியில் தொட்டது என்று எழுதினார்கள். ஷோரூமில் விற்கும் ஒரு காருக்கு அன்றைக்கு இது நம்பவே முடியாத எண். பல வருடங்கள் கழித்து வாங்கர்ஸே உண்மையைச் சொன்னார். சோதனைக்குக் கொடுத்த காரில் இருந்தது 389 இல்லை, 421. அதாவது 6.9 லிட்டர். இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. டெம்பஸ்டுக்குள் 389ஐ நுழைய வைத்த அதே ஒற்றுமைதான் இங்கே வாசகர்களை ஏமாற்றவும் பயன்பட்டது. மேலதிகாரிகளை ஏய்த்ததில் எனக்கு வருத்தம் இல்லை. காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கிப் படித்து, அந்த எண்ணை நம்பிக் கார் வாங்கப் போனவனை நினைத்தால்தான் மனது ஒப்பவில்லை.

வரம்பு 400 ஆனதும் வேறொரு விதி முளைத்தது. செவர்லேவின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் தவிர்த்த மற்றக் கார்களில் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் குறைந்தது பத்து பவுண்டு எடை இருக்க வேண்டும் என்றது ஜிஎம். 1967இல் வந்த பான்டியாக் ஃபயர்பேர்ட் 400க்கு ஜிடிஓவின் எஞ்சினையே கொடுத்தார்கள். ஃபயர்பேர்டோ எடை குறைந்த வண்டி. கணக்கு ஒத்துவரவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கார்பரேட்டர் இணைப்பில் ஒரு சின்னத் தகட்டு நாக்கை வைத்தார்கள். அது இருந்தால் கார்பரேட்டர் முழுதாகத் திறக்காது. காகிதத்தில் 325 குதிரைத்திறன், விதி காப்பாற்றப்பட்டது. விஷயம் தெரிந்தவர்கள் காரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பானெட்டைத் திறந்து, அந்த நாக்கை வளைத்துவிட்டார்கள். இடுக்கியைத் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை.

இனி நான் மிகவும் நேசிக்கும் கதைக்கு வருகிறேன்.

ஜிஎம்மின் இன்னொரு பிரிவான செவர்லேவில் ‘மத்திய அலுவலக உற்பத்தி ஆணை’ என்று ஒரு வழிமுறை இருந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துக் கோப்போ என்பார்கள். ஒரு நகரத்துக்கு ஐம்பது டாக்ஸி வேண்டும், சீட்டுத் துணி முரடாக இருக்க வேண்டும் என்றால் அதற்கு இந்தப் படிவம். போலீஸ் துறைக்குப் பெரிய பிரேக் வேண்டும், ஒரு கம்பெனிக்குத் தன் லாரிகளெல்லாம் ஒரே நிறத்தில் வேண்டும் என்றாலும் இதே படிவம்தான். விற்பனைக் கையேட்டில் இல்லாத எதையும், மொத்தமாக வாங்குகிறவர்களுக்குச் செய்து கொடுப்பதற்கான சாதாரண அலுவலக நடைமுறை. 400 கன அங்குல வரம்பைக் காவல் காத்துக்கொண்டிருந்தவர்களின் பார்வை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க் என்ற சிறிய ஊரில் டான் யெங்கோ என்ற செவர்லே டீலர் இருந்தார். குடும்பத் தொழில் கார் விற்பனை, ஆனால் மனது முழுக்கப் பந்தயத்தில். 1966இல் ஏற்கெனவே இந்தப் படிவத்தைப் பயன்படுத்தி 100 கோர்வேர் கார்களை வாங்கிப் பந்தயத்துக்கேற்ப மாற்றி விற்றவர். அதன்பிறகு கமாரோ கார்களை வாங்கி, அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு கார்வெட்டின் 427 எஞ்சினை மாட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காரையும் பிரித்து மாட்டுவது செலவும் வேலையும் பிடித்த காரியம். தொழிற்சாலையிலேயே மாட்டிக் கொடுத்தால் என்ன? செவர்லேவின் செயல்திறன் பிரிவில் வின்ஸ் பிக்கின்ஸ் என்பவர் இருந்தார். பந்தயத் தடை உத்தரவு இருந்த காலத்திலும் பந்தயக்காரர்களுக்குச் சத்தம் காட்டாமல் உதவிக்கொண்டிருந்த மனிதர். அவர் மூலமாக 1969இல் டாக்ஸி படிவத்தின் வழியே 427 எஞ்சின் கமாரோக்கள் வெளியே வந்தன. ஆணை எண் 9561.

அந்தக் கார்கள் வந்த கோலம்தான் அழகு. வெளியே எந்தச் சின்னமும் கிடையாது. சக்கரத்துக்கு மலிவான வட்ட மூடி. எஞ்சின் அளவைச் சொல்லும் எழுத்து எங்கும் இல்லை. அரசு அலுவலக வண்டிபோல அமைதியாக நிற்கும். உள்ளே 7 லிட்டர். யெங்கோ பிறகு தன் பட்டைகளையும் பெயரையும் ஒட்டி விற்றார். ஆனால் எதுவும் ஒட்டாமல் அப்படியே போன வெற்றுக் கார்கள்தான் எனக்குப் பிடித்தவை.

இதே வழியில் இல்லினாய்ஸின் லா ஹார்ப் என்ற குட்டி ஊரிலிருந்து ஃபிரெட் கிப் என்ற டீலர் இன்னும் பெரிய துணிச்சலில் இறங்கினார். செவர்லே அப்போது கேன்-ஆம் பந்தயத்துக்காக முழுக்க அலுமினியத்தில் 427 எஞ்சின் ஒன்றைச் செய்திருந்தது. பெயர் இசட்எல்1. அதைக் கமாரோவில் வைத்து நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயத்தில் இறக்கினால் யாரும் கிட்டே வர முடியாது. ஆனால் பந்தய அமைப்பு ஏற்றுக்கொள்ளக் குறைந்தது 50 கார்களாவது செய்திருக்க வேண்டும். கிப் அந்த ஐம்பதையும் தானே ஆர்டர் செய்தார். ஆணை எண் 9560.

கார்கள் வந்தன. கூடவே விலைப்பட்டியலும் வந்தது. கிப் எதிர்பார்த்தது ஒரு காருக்கு 5,000 டாலருக்குள். வந்த விலை 7,200 டாலருக்கு மேல். இடையில் ஜிஎம் கணக்குமுறையை மாற்றி, எஞ்சினை உருவாக்கிய செலவையும் வாங்குகிறவர் தலையிலேயே கட்டிவிட்டது. எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர். சாதாரண வி8 கமாரோ முழுக் காரே 3,000 டாலருக்குள் கிடைத்த காலம் அது. ஒரு சின்ன ஊர் டீலர் தன் வாசலில் இத்தனை கார்களை நிறுத்திக்கொண்டு யாருக்கு விற்பார்? கடைசியில் செவர்லேவே பெரும்பாலானவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு நாடு முழுக்க மற்ற டீலர்களுக்குப் பிரித்து அனுப்பியது. மொத்தம் செய்யப்பட்டவை 69. சில கார்கள் விற்க வருடக்கணக்கானது. சிலவற்றில் எஞ்சினைத் தனியாகக் கழற்றி விற்றுவிட்டு, சாதாரண எஞ்சினை வைத்துக் காரைத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு யாரும் சீந்தாத அந்த 69இல் ஒன்று இன்று ஏல மேடைக்கு வந்தால், அரங்கமே எழுந்து நின்று பார்க்கிறது. கிப் இல்லாவிட்டால் அந்தக் கார் இல்லை. அந்த மனிதர் ஏற்ற சுமையை நினைக்கும்போது இந்த ஏல விலைகள் எனக்கு உவப்பாக இருப்பதில்லை.

சரி, பீட் எஸ்டெஸை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? ஜிடிஓவின் வெற்றிக்குப் பிறகு அவர் செவர்லேவின் தலைவராகிவிட்டார். அவரிடம் வின்ஸ் பிக்கின்ஸ் ஒரு கமாரோவைக் கொண்டுவந்து காட்டினார். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் 5 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. செவர்லேவிடம் அந்த அளவுக்குப் பொருத்தமான எஞ்சின் இல்லை. 327 எஞ்சினின் பிளாக்கையும் 283 எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டையும் சேர்த்தால் 302 கன அங்குலம் வந்தது. வரம்புக்குச் சரியாகக் கீழே. எஸ்டெஸ் மறுபடியும் தலையாட்டினார். ஆப்ஷன் பட்டியலில் அடுத்த காலி எண் என்னவோ அதுவே அதன் பெயரானது: இசட்28. முதல் வருடம் விற்றது 602 கார்கள்தான். குதிரைத்திறன் 290 என்று அச்சிட்டார்கள். ஓட்டிப் பார்த்த எவரும் அந்த எண்ணை நம்பவில்லை. அந்தக் காலத்தில் இப்படிக் குறைத்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. காப்பீட்டுக் கம்பெனிகள் குதிரைத்திறனைப் பார்த்துத்தான் பிரீமியத்தை ஏற்றின. அதிலும் இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பந்தயத் தளத்தில் அந்தக் கமாரோக்களை நடத்தியது ரோஜர் பென்ஸ்கியின் அணி. ஓட்டியவர் எஞ்சினியரும் பந்தய வீரருமான மார்க் டொனஹ்யூ. காரின் உடலை அமிலத்தில் முக்கி எடுத்து இரும்புத் தகட்டை மெலிதாக்கினார்கள். எடை குறைந்தது, ஆனால் கூரைத் தகடு நெளிந்துபோனது. அது தெரியாமல் இருக்க மேலே வினைல் உறை ஒட்டினார்கள். 1968இல் செப்ரிங் பந்தயத்துக்குத் தங்களிடமிருந்த இரண்டு கார்களில் விதிக்கு உட்பட்ட ஒன்றையே, எண்ணை மாற்றி இரண்டு முறை பரிசோதனைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். இதையெல்லாம் டொனஹ்யூ பிறகு தன் புத்தகத்தில் வெளிப்படையாக எழுதியும் வைத்தார்.

இந்தக் கமாரோவை அடிக்க ஃபோர்டு கொண்டுவந்தது பாஸ் 302 மஸ்டாங். அதன் பட்டைகளையும் தோற்றத்தையும் வடிவமைத்தவர் லாரி ஷினோடா. இவரைப் பற்றி இன்னும் அதிகம் பேசியிருக்க வேண்டும். 1930இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு வீடு வாசலை விட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தது. கலிஃபோர்னியாவின் மன்ஸனார் முகாமுக்குக் குடும்பத்தோடு போனபோது ஷினோடா பள்ளிக்கூடச் சிறுவன். அந்தச் சிறுவன் வளர்ந்து ஜிஎம்மில் சேர்ந்து, 1963 கார்வெட் ஸ்டிங் ரே வடிவத்தில் முக்கியப் பங்கு வகித்தான். அமெரிக்காவின் பெருமை என்று அந்த நாடு கொண்டாடும் காரின் கோடுகளில், அந்த நாடே முள்வேலிக்குள் வைத்திருந்த ஒரு பையனின் கை இருக்கிறது. 1968இல் ஜிஎம்மின் பங்கி நட்சன் ஃபோர்டின் தலைவராகப் போனபோது ஷினோடாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் “பாஸுடைய காரில்” என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அடுத்த வருடமே நட்சனை ஃபோர்டு வெளியேற்றியது, ஷினோடாவும் வெளியே. 1970இல் பாஸ் 302 டிரான்ஸ்-ஆம் பட்டத்தை வென்றபோது அவர் ஃபோர்டில் இல்லை.

அமெரிக்காவின் வட்டத் தளக் கார் பந்தயமான நாஸ்கார் பக்கம் வேறு மாதிரி வேடிக்கை. பந்தயத்தில் ஓடும் எஞ்சினோ உடலோ பொதுமக்களுக்கும் விற்கப்பட்டிருக்க வேண்டும், குறைந்தது 500 என்பது அங்கே விதி. எஞ்சின் எந்தக் காரில் விற்கப்பட வேண்டும்? அதை விதி சொல்லவில்லை. ஃபோர்டு தன் 429 எஞ்சினை டொரினோவில் வைத்துப் பந்தயம் ஓட்டியது, மஸ்டாங்கில் வைத்து மக்களுக்கு விற்றது. மஸ்டாங்குக்குள் அது நுழையவே நுழையாது. மிச்சிகனின் பிரைட்டன் ஊரில் கார் கிராஃப்ட் என்ற பட்டறை சஸ்பென்ஷன் கோபுரங்களைத் தள்ளி வைத்து, பேட்டரியை டிக்கிக்கு மாற்றி, ஒவ்வொரு காரிலும் இடம் உண்டாக்கியது.

கிரைஸ்லர் இன்னும் ஒரு படி மேலே போனது. அவர்களுடைய டாட்ஜ் சார்ஜருக்கு எஞ்சின் பலம் இருந்தது, காற்றைக் கிழிக்கும் உடல் இல்லை. அமெரிக்க விண்வெளித் திட்டத்தின் சாட்டர்ன் ராக்கெட்டுகளுக்கு முதல் அடுக்கு செய்து கொடுத்த கம்பெனியும் கிரைஸ்லர்தான். அங்கே வேலை பார்த்த காற்றியக்க நிபுணர்கள் சிலர் கார் பக்கம் வந்தார்கள். விளைவு 1969 சார்ஜர் டேடோனா. முன்னே கூரான மூக்கு, பின்னே டிக்கிக்கு மேல் ஏறக்குறைய இரண்டடி எழும்பும் இறக்கை. 1970 மார்ச் 24 அன்று டல்லடேகாவில் பட்டி பேக்கர் அதில் மணிக்கு 200.447 மைல் ஓட்டினார். கிலோமீட்டரில் ஏறக்குறைய 323. மூடிய வட்டத் தளத்தில் 200 மைலைத் தாண்டிய முதல் நாஸ்கார் ஓட்டம்.

கிரைஸ்லரின் பிளிமத் பிரிவு தன் ரோட் ரன்னர் காரை வைத்து அதே வடிவத்தில் சூப்பர்பேர்ட் செய்தது. அதற்குள் நாஸ்கார் விதியைக் கடுமையாக்கி, இரண்டு டீலருக்கு ஒரு கார் வீதம் செய்ய வேண்டும் என்றது. எனவே சுமார் 1,900 கார்கள். பின்கண்ணாடியைச் சுற்றி வெல்டிங் செய்த தழும்புகளை மெருகேற்ற நேரமில்லாமல், எல்லாக் கார்களின் கூரைக்கும் வினைல் உறை போட்டு மூடினார்கள். பென்ஸ்கி அணி செய்த அதே வேலை. சூப்பர்பேர்ட் பந்தயத்தில் ஜெயித்தது, 1970 டேடோனா 500ஐ பீட் ஹாமில்டன் அதில்தான் வென்றார். ஷோரூமிலோ ஈ ஓட்டியது. அந்த மூக்கையும் இறக்கையையும் பார்த்துவிட்டு வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டு, சாதாரண ரோட் ரன்னர் முகத்தை மாட்டி விற்ற டீலர்களும் உண்டு. 1971இல் இறக்கை வைத்த கார்களுக்கு 305 கன அங்குல எஞ்சின்தான் என்று நாஸ்கார் சொன்னதும் அந்தக் கதை முடிந்தது.

அந்தச் சாதாரண ரோட் ரன்னரும் லேசுப்பட்டதில்லை. 1968இல் 2,896 டாலருக்கு, வெறும் பெஞ்ச் சீட்டோடு வந்த கார். கார்ட்டூன் பறவையின் பெயருக்கும் படத்துக்கும் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். ஹார்ன் அடித்தால் அந்தப் பறவை மாதிரியே கூவும். பணக்காரத் தோற்றம் எதுவும் வேண்டாம், வேகம் மட்டும் போதும் என்ற பையன்கள் முதல் வருடமே சுமார் 45,000 கார்களை வாங்கினார்கள். மசில் கார் என்ற எண்ணத்துக்கு மிக நேர்மையாக நடந்துகொண்ட கார் இதுதான் என்பேன்.

கம்பெனிக்காரர்கள் மட்டும்தான் விதியை ஏய்த்தார்களா? டெட்ராய்ட் நகரின் உட்வர்ட் அவென்யூவில் அந்த நாட்களில் இரவில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் நடக்கும். கார் கம்பெனி எஞ்சினியர்களே புதிய கார்களைக் கொண்டுவந்து அங்கே முயன்று பார்ப்பார்கள். 1970களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் தெருப் பந்தயங்களில் ஒரு கறுப்பு டாட்ஜ் சேலஞ்சர் எப்போதாவது தோன்றும். 426 ஹெமி எஞ்சின், முதலைத் தோல் போன்ற கூரை உறை. வந்து எல்லோரையும் ஜெயித்துவிட்டு, யாரோடும் பேசாமல் மறைந்துவிடும். கறுப்புப் பேய் என்று பெயர் வைத்தார்கள். ஓட்டியவர் டெட்ராய்ட் போலீஸ்காரர். தெருப் பந்தயத்தில் பிடிபட்டால் வேலை போய்விடும், அதனால்தான் அந்த அவசரம். பிறகு கார் பல பத்தாண்டுகள் வீட்டு ஷெட்டிலேயே கிடந்தது. அவர் இறந்தபின் மகன் அதை மீண்டும் ஓட வைத்தார். தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2023இல் ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது.

1970 மாடலுக்கு ஜிஎம் தன் 400 கன அங்குல வரம்பை நீக்கியது. செவர்லேவின் நடுத்தரக் காரான செவெல்லில் 454 எஞ்சின், 450 குதிரைத்திறன் என்று பட்டியலிலேயே அச்சாகி வந்தது. பியூக், ஓல்ட்ஸ்மொபைல், பான்டியாக் எல்லாவற்றிலும் 455. டாக்ஸி படிவமும் வேண்டாம், ஆப்ஷன் தந்திரமும் வேண்டாம். எல்லாக் கதவும் திறந்தது ஒரே ஒரு வருடத்துக்கு. 1971இலேயே ஈயம் கலக்காத பெட்ரோலுக்காக எஞ்சின்களின் அழுத்த விகிதத்தை ஜிஎம் குறைத்தது. தூய காற்றுச் சட்டம் வந்தது, காப்பீடு எட்டாத உயரத்துக்குப் போனது. 1972இல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறி, எல்லா எண்களும் சுருங்கின. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை.

அந்த இருட்டிலும் பான்டியாக் எஞ்சினியர்கள் கடைசியாக ஓர் எஞ்சின் செய்தார்கள். 1973இல் வந்த சூப்பர் டியூட்டி 455. மற்றவர்கள் எல்லாம் கைவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பந்தயத் தரத்தில் பிளாக், பந்தயத் தரத்தில் கனெக்டிங் ராடு. இதிலும் ஒரு தந்திரம் இருந்தது. புகையைக் கட்டுப்படுத்தும் சாதனம், அரசுச் சோதனைக்கு வேண்டிய நேரம் மட்டும் வேலை செய்துவிட்டு நின்றுவிடும்படி அமைத்திருந்தார்கள். சுற்றுச்சூழல் துறை கண்டுபிடித்துவிட்டது. டிலோரியன் குழு செய்ததையும் பிக்கின்ஸ் செய்ததையும் நான் கைதட்டி ரசிப்பேன், இதை ரசிக்க மாட்டேன். அவர்கள் ஏய்த்தது தங்கள் முதலாளிகளை. இங்கே ஏய்த்தது ஊரார் மூச்சுவிடும் காற்றை. பிடித்தது சரிதான். எஞ்சினியர்கள் கேம் ஷாஃப்டை மாற்றி, 310ஆக இருந்த திறனை 290க்கு இறக்கி, முறைப்படி சோதனையில் தேறினார்கள். அப்படியும் அன்றைக்கு அமெரிக்காவில் கிடைத்த எஞ்சின்களில் அது தனியாகவே நின்றது. 1973இல் அந்த எஞ்சினோடு வந்த, ஃபயர்பேர்டின் உயர்ரகமான டிரான்ஸ் ஆம் கார்கள் 252. அடுத்த வருடம் 943. அதோடு நிறுத்திவிட்டார்கள். 1975 டிரான்ஸ் ஆமில் வந்த 400 எஞ்சினின் திறன் 185.